எட்டாம் நாள் நிறுத்திய மாத்திரை

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. பாலக்கோடு பக்கம் விவசாயம். தக்காளிக்குப் பறிகூலிகூட கட்டுப்படியாகாமல் காட்டிலேயே விட்டோம். அதிலிருந்து மூன்று மாதமாக ஆளே மாறிவிட்டார். விடியற்காலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். காலையில் பேச்சே இல்லை. களி உருண்டையில் பாதிகூட இறங்குவதில்லை. சாயங்காலம் மட்டும் கொஞ்சம் பேசுகிறார். அதைப் பார்த்து மாமியார், "வேலைக்குப் போக வணங்கல, அவ்வளவுதான்" என்கிறார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. மனநல டாக்டர் எஸ்சிடாலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். குமட்டல்தான் வந்தது, பலன் இல்லை என்று இவர் எட்டாம் நாளே நிறுத்திவிட்டார். இந்த மாத்திரை பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாதாமே, நிஜமா?

பதில்: அம்மா, உங்கள் மாமியார் சோம்பல் என்று நினைக்கும் அந்தச் சாயங்காலப் பேச்சே மனச்சோர்வு நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. அந்த நோய் கடுமையாக இருப்பவர்களில் பலருக்கு, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே தூக்கம் கலைந்துவிடும். காலைப்பொழுது மலைபோல் கனக்கும், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாகும். தூக்கத்தையும் ஹார்மோன்களையும் நாள் முழுக்க ஏற்றி இறக்கும் மூளையின் கடிகாரம் குலைவதும் இதற்கு ஒரு காரணம். நடிப்பவர் 3 மணிக்கு எழுந்து இருட்டில் உட்கார மாட்டார். இதை மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. இந்த மாத்திரை வேலை செய்வது செரோடோனின் என்ற ரசாயனத்தின் மேல். உடம்பில் அதன் பெரும்பங்கு இருப்பது குடலில். அதனால் மாத்திரை போட்ட முதல் வாரமே வயிறு முரண்டு பிடிக்கும்: குமட்டல், லேசான பேதி, சிலருக்குப் படபடப்பு. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் அடங்கிவிடும். மூளையிலோ, மாத்திரை சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கினாலும், நரம்புச் செல்கள் அதற்கேற்ப மாறி அமைய வாரக்கணக்கில் ஆகும். தொல்லை முதலில், பலன் பிறகு. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுசாகத் தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கும். அவர் விட்டது எட்டாம் நாள். அந்த மருந்து தோற்றது என்று சொல்லவே முடியாது.

நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போங்கள். முதல் சில நாள் அரை மாத்திரையாக, சாப்பிட்ட பிறகு போடலாமா என்று கேளுங்கள். குமட்டல் வெகுவாகக் குறையும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை பார்த்தாரா என்றும் கேளுங்கள். இவையும் ஆளைச் சோர வைக்கும். இடுப்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், அதைச் சொல்லாமல் விடாதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும்.

ஆயுசுக்கும் என்பது சரியல்ல. முதல் தடவை வந்த நோய் என்றால், நன்றாகத் தேறிய பிறகும் 6 முதல் 9 மாதம் தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்படி சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். சட்டென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பட்டதுபோல் ஒரு வெட்டு, எரிச்சல் வரலாம். அதைத்தான் 'பழகிவிட்டது' என்கிறார்கள். சாராயம்போல் அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் ஏக்கம் இதில் இல்லை. அப்படிப் பழகக்கூடியவை சில தூக்க மாத்திரைகள்தான், அவற்றைக் கொடுத்தாலும் சில வாரத்துக்கு மட்டுமே கொடுப்பார்கள்.

தேறும்போது தூக்கமும் பசியும்தான் பெரும்பாலும் முதலில் திரும்பும். 3 மணி விழிப்பு 4 ஆகும், களி உருண்டை முழுசாக இறங்கும். அவருக்குத் தெரியும் முன் உங்களுக்குத் தெரியும். மனசு தெளிவது கடைசியில். உடம்பில் தெம்பு வந்து மனசு இன்னும் தெளியாத அந்த இடைவெளிதான் மிக ஆபத்தானது. அதனால் பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, உள்ளே இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியானாலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாத்திரை தொடங்கியபின் அவர் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறி உற்சாகமாகி, ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவு செய்யக் கிளம்பினால், அதை நோய் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது வேறு வகை நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், அவிழ்க்கச் சொல்லிச் சண்டை வேண்டாம். மீதி மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே நீங்களும் கூடப் போங்கள். அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடக்கூடும். 3 மணி விழிப்பை டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.