டொனேஷன் சீட்டுக்கு வீட்டை அடகு வைக்காதீங்க சார்

பெங்களூரு ராமமூர்த்தி நகர்ல இருந்து ஒரு அப்பா அம்மா, பொண்ணை என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட யோசனை கேட்டு வந்தாங்க. பொண்ணு பிசிஎம்பி (ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி) எடுத்து செகண்ட் பியுசி, அதாவது பிளஸ் டூ முடிச்சிருக்கா, கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் நல்ல மார்க், மேத்ஸ் சுமார்தான். மாமா சித்தப்பான்னு எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சேர்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பதறாதீங்க சார், பார்த்துக்கலாம்னுதான் முதல்ல சொன்னேன், ஆனா மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வீட்டை அடகு வைக்கப் போறோம்னு சொன்னதும் வேணாம்னு பட்டுனு சொல்லிட்டேன். மாமாவா வந்து ஈஎம்ஐ கட்டப்போறாரு?

அதுவரைக்கும் வாயே திறக்காத பொண்ணு, வீட்டுக்கு வர்ற டேங்கர் தண்ணி பத்தி கேட்டதும் நோட்டை எடுத்து நீட்டினா. வெயில் கிருமியைக் கொல்லுதான்னு பார்க்க, பிளாஸ்டிக் பாட்டில்ல அந்தத் தண்ணியை ஊத்தி மொட்டை மாடி வெயில்ல 6 மணி நேரம் வெச்சிருக்கா, இன்னொரு பாட்டில் நிழல்ல, அப்புறம் காலேஜ் லேப்ல கிருமி வளர்க்கற அகார் பிளேட்ல போட்டு எதுல எத்தனை பாக்டீரியா காலனி வந்துச்சுன்னு கட்டம் போட்டு எழுதி வெச்சிருக்கா. யாரும் சொல்லாம செஞ்சது சார் இது.

இதுக்கு அடுத்த கட்டம்தான் போட்டோகேட்டலிஸிஸ், அதாவது வெளிச்சத்தால வேதி வினையைத் தூண்டி விடறது. சில கனிமத்து மேல வெளிச்சம் பட்டா உள்ள இருக்கற எலக்ட்ரான் எகிறும், அதுவும் அது விட்டுட்டுப் போன காலி இடமும் தண்ணியோடயும் ஆக்சிஜனோடயும் சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கல், ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி ஆளுங்கள உண்டாக்கும், அதுங்க பாக்டீரியாவோட செல் சவ்வையே அரிச்சுடும். 1972ல ஜப்பான்ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை வெச்சு தண்ணியைப் பிரிச்சுக் காட்டினதுல இருந்துதான் இந்தத் துறை சூடு பிடிச்சது. ஆனா அதுக்கு யுவி, அதாவது புற ஊதா வெளிச்சம் வேணும், வெயில்ல யுவி சுமார் 5 சதவீதம்தான். ஸ்பேலரைட்னு ஒரு துத்தநாகத் தாது இருக்கு, சுத்தமான துத்தநாக சல்ஃபைடும் யுவிக்குத்தான் வேலை செய்யும், ஆனா மண்ணுக்குள்ள கிடைக்கறதுல துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்துல இரும்பு உக்காந்திருக்கும், அதனால கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே போதும். ஹாங்காங்ல இதை வெச்சு ஈ.கோலைங்கற பாக்டீரியாவைக் கொன்னு காட்டியிருக்காங்க. நம்ம உதய்பூர் பக்கம் ஜாவர் சுரங்கத்துலயும் இந்தத் தாது இருக்கு. சிக்கல் என்னன்னா இதே தாதுல காட்மியம்ங்கற விஷ உலோகமும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது தண்ணியில கசியக்கூடாது, தண்ணி கலங்கலா இருந்தா வெளிச்சமும் உள்ள இறங்காது. அதை சரி பண்ண கெமிஸ்ட்ரியும் மைக்ரோபயாலஜியும் ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும், உங்க பொண்ணு அந்த ரெண்டுலயும்தான் கெட்டி.

இஞ்சினியரிங், நீட் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. பிஎஸ்சில இந்த ரெண்டும் சேர்ந்த காம்பினேஷன் எடுங்க, அப்புறம் ஐஐடி ஜாம்ங்கற நுழைவுத் தேர்வு எழுதினா எம்எஸ்சி, ஐஐஎஸ்சி, நம்ம ஜக்கூர்ல இருக்கற ஜேஎன்சிஏஎஸ்ஆர் ஆராய்ச்சி நிலையம்னு வழி இருக்கு. நெட் தேர்வுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சு பிஎச்டி சேர்ந்தா மாசம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆராய்ச்சி வேணாம்னா தண்ணி டெஸ்டிங் லேப் இருக்கு, பெரிய அபார்ட்மென்ட்ல கழிவுநீரைச் சுத்தம் பண்ற எஸ்டிபி வேலை இருக்கு. வெறும் பிஎஸ்சியோட நிறுத்தினா சம்பளம் கம்மிதான், அதை மறைக்க மாட்டேன், அஞ்சு வருஷமாவது பொறுக்கணும். அதுக்கு ஆகற செலவு அந்த டொனேஷன்ல ஒரு மூலைக்குக் கூட வராது.

பேங்க்ல எதுலயும் கையெழுத்து போடாதீங்க. பொண்ணைக் கூட்டிட்டு ரெண்டு மூணு காலேஜ் ஏறி இறங்குங்க, மைக்ரோபயாலஜி லேப்ல இன்குபேட்டர், ஆட்டோகிளேவ் எல்லாம் நிஜமாவே ஓடுதான்னு பாருங்க, எந்த காலேஜ்னு அவளே சொல்லட்டும்.