பழைய மின்னூட்ட அலகுகளைக் கூலூமுக்கு மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: 1920களின் கட்டுரை ஒன்றில் எலக்ட்ரானின் மின்னூட்டம் 4.774 × 10⁻¹⁰ என்று மட்டும் இருக்கிறது. அலகு இல்லை. இன்றைய மதிப்போடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

பதில்: அது இஎஸ்யு, அதாவது சிஜிஎஸ் (சென்டிமீட்டர்-கிராம்-நொடி) முறையின் நிலைமின் அலகு. ஸ்டேட்கூலூம், பிராங்க்ளின் என்பவையும் இதன் பெயர்கள்தான். 1 ஸ்டேட்கூலூமுக்கு 3.33564 × 10⁻¹⁰ கூலூம் என்று பெருக்கினால் 1.592 × 10⁻¹⁹ கூலூம் வரும். இன்றைய 1.602 × 10⁻¹⁹-ஐ விட இது 0.6 சதவீதம் குறைவு. உங்கள் கணக்கில் பிழை இல்லை. காற்றில் விழும் எண்ணெய்த் துளிகளை வைத்து மில்லிகன் அளந்து 1913இல் வெளியிட்ட மதிப்பே அதுதான். காற்றின் பாகியல் எண்ணை அவர் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டதால் வந்த வித்தியாசம். விடையை 1.602க்கு இழுப்பதற்காக மாற்றுக் காரணியில் கை வைக்காதீர்கள். இன்றைய மதிப்பு இஎஸ்யுவில் 4.80320 × 10⁻¹⁰.

கேள்வி: மின்னூட்டத்தை மாற்றும்போது ஒளியின் வேகம் எங்கிருந்து வந்து சேர்கிறது?

பதில்: சிஜிஎஸ்ஸில் மின்னூட்டத்துக்கு இரண்டு வரையறைகள் உண்டு. 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு சம மின்னூட்டங்கள் 1 டைன் விசையோடு தள்ளிக்கொண்டால் ஒவ்வொன்றும் 1 ஸ்டேட்கூலூம். இது நிலைமின் வழி. மின்னோட்டங்களுக்கு இடையிலான காந்த விசையிலிருந்து தொடங்கினால் கிடைப்பது அப்கூலூம். இது மின்காந்த வழி, சுருக்கமாக இஎம்யு. இந்த இரண்டு அலகுகளின் விகிதத்துக்கு வேகத்தின் பரிமாணம் வருகிறது. அந்த விகிதத்தை வெபரும் கோல்ராஷும் 1856இல் லெய்டன் ஜாடி என்ற பழைய மின்தேக்கியின் மின்னிறக்கத்தை வைத்து அளந்தார்கள். கிடைத்தது நொடிக்கு 3.107 × 10⁸ மீட்டர். இந்த எண் ஒளியின் வேகத்தை ஒட்டி நின்றது, ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு மேக்ஸ்வெல்லுக்கு வலுவான ஆதாரமாயிற்று. இயற்பியலில் ஓர் அலகு மாற்று எண் இவ்வளவு பெரிய உண்மையைத் தாங்கி நிற்கும் இடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

1 அப்கூலூம் = 10 கூலூம் = 2.998 × 10¹⁰ ஸ்டேட்கூலூம். ஆகவே 1 கூலூமுக்கு 2.998 × 10⁹ ஸ்டேட்கூலூம்.

கேள்வி: ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் மீதான விசையைச் சிஜிஎஸ்ஸில் போட்டேன். தூரம் 5.29 × 10⁻⁹ செ.மீ., மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹. விடை 9.17 × 10⁻²² டைன். புத்தகத்தில் 8.24 × 10⁻³. எங்கே தவறு?

பதில்: புத்தக விடையை உங்கள் விடையால் வகுத்துப் பாருங்கள்: 8.99 × 10¹⁸. அது 2.998 × 10⁹-இன் வர்க்கம். விதியில் மின்னூட்டம் இருமுறை பெருக்கப்படுவதால் காரணியும் இருமுறை விடுபட்டிருக்கிறது. தூரத்தைச் செ.மீ.க்கு மாற்றிவிட்டு மின்னூட்டத்தைக் கூலூமிலேயே விட்டுவிட்டீர்கள். 4.803 × 10⁻¹⁰ போடுங்கள், சரியாக வரும்.

விடை ஒத்துவராதபோதெல்லாம் இந்த விகிதத்தை முதலில் எடுத்துவிடுங்கள். 10 வந்தால் அப்கூலூமைக் கூலூமாக எடுத்திருக்கிறீர்கள். 2.998 × 10¹⁰ வந்தால் இஎஸ்யுவும் இஎம்யுவும் கலந்துவிட்டன. 3.545 அல்லது 12.57 வந்தால் 4π சிக்கல். அடுத்த கேள்வியே அதுதான்.

கேள்வி: துகள் இயற்பியல் நூலில் கூலூம் விதியின் கீழே 4π இருக்கிறது, ஆனால் ε₀ (வெற்றிடத்தின் விடுதிறன்) இல்லை. இது எந்த முறை?

பதில்: ஹெவிசைடு–லோரன்ஸ் முறை. அதில் மின்னூட்டத்தின் எண்மதிப்பு காஸ் முறையில், அதாவது இதுவரை பார்த்த இஎஸ்யுவில், வருவதைப்போல் √(4π), அதாவது 3.545 மடங்கு. புதிய நூலைத் திறந்ததும் முன்னுரையைத் தேடுவதைவிடக் கூலூம் விதியைத் தேடுவது நல்லது. 4π, ε₀ இரண்டும் இல்லையென்றால் காஸ். 4π மட்டும் இருந்தால் ஹெவிசைடு–லோரன்ஸ். இரண்டும் இருந்தால் எஸ்ஐ, அதாவது கூலூமைப் பயன்படுத்தும் இன்றைய சர்வதேச முறை.

கேள்வி: அலகு மாற்றும் நிரலில் கூலூமை ஸ்டேட்கூலூமாக்கச் சொன்னால் 'பரிமாணம் பொருந்தவில்லை' என்று நின்றுவிடுகிறது. நிரலில் பிழையா?

பதில்: இல்லை, நிரல் சரியாகத்தான் மறுக்கிறது. கூலூம் என்பது ஆம்பியர்-நொடி. ஸ்டேட்கூலூமோ கிராம்^½ செ.மீ.^(3/2) நொடி⁻¹. அதனால்தான் கவனமாக எழுதுபவர்கள் இரண்டுக்கும் நடுவே சமக்குறி போடாமல் 'ஒப்பு' என்பார்கள். வழி இதுதான்: கூலூம் மதிப்பை √(4πε₀)-ஆல் வகுங்கள். 1 கூலூமுக்கு 94,803 (√நியூட்டன்)·மீட்டர் கிடைக்கும். இதற்கும் ஸ்டேட்கூலூமுக்கும் பரிமாணம் ஒன்றே என்பதால் இனி நிரல் மறுக்காது. கையால் செய்வதென்றால் 31,622.78-ஆல் பெருக்குங்கள், 2.998 × 10⁹ வந்துவிடும்.

கேள்வி: 2019க்குப் பிறகும் 2.99792458 × 10⁹ துல்லியமானதுதானா?

பதில்: 2019இல் எஸ்ஐ அலகுகள் மறுவரையறை செய்யப்பட்டன. இப்போது எலக்ட்ரான் மின்னூட்டம்தான் துல்லியமாக நிறுத்தப்பட்டிருக்கிறது, 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று. ε₀ அளந்து பெறும் எண்ணாகிவிட்டதால் இந்தக் காரணியும் கொள்கையளவில் அப்படியே. ஆனால் வித்தியாசம் பத்தாவது இலக்கத்துக்கு அருகில்தான் தலைகாட்டும்.

கேள்வி: பழைய மின்தேக்கியில் '50 செ.மீ.' என்று அச்சிட்டிருக்கிறது. அது நீளமா?

பதில்: நீளம் இல்லை, மின்தேக்குத்திறன். சிஜிஎஸ்ஸில் அதன் அலகு சென்டிமீட்டர். 1 செ.மீ. 1.113 பிக்கோஃபாரட், ஆக உங்களுடையது சுமார் 56 பிக்கோஃபாரட்.

கேள்வி: எக்ஸ்-கதிர் அளவைக் குறிக்கும் ரான்ட்ஜன் அலகில் வரும் 2.58 × 10⁻⁴ என்ற விநோத எண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 0 டிகிரியில் இயல்பு அழுத்தத்தில் உள்ள 1 கன செ.மீ. உலர்காற்றில் 1 இஎஸ்யு மின்னூட்டம் உண்டானால் 1 ரான்ட்ஜன். அந்தக் காற்றின் நிறை 0.001293 கிராம். 3.33564 × 10⁻¹⁰ கூலூமை 1.293 × 10⁻⁶ கிலோகிராமால் வகுத்தால் கிலோவுக்கு 2.58 × 10⁻⁴ கூலூம்.

கேள்வி: பழைய மின்வேதியியல் அட்டவணையில் ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம்) 96,494 கூலூம். இன்று 96,485. அதுவும் இஎஸ்யு விவகாரமா?

பதில்: இது வேறு. அது 'சர்வதேசக் கூலூம்'. நொடிக்கு 1.11800 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டமே 1 ஆம்பியர் என்று 1908 லண்டன் மாநாடு ஏற்றது. வெள்ளியின் அன்றைய அணு எடை 107.88-ஐ 0.001118-ஆல் வகுத்தால் உங்கள் 96,494 அப்படியே வரும். 1948இல் அந்த அலகு கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய அளவீடுகளை 0.99985-ஆல் பெருக்குங்கள். மூன்று இலக்கத் துல்லியம் போதுமென்றால் இதைத் தொடவே வேண்டாம்.