தினமும் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போவது சோம்பேறித்தனமா?

வேலைக்குப் போகிறவர்கள் மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள், வீட்டுச் சாப்பாடா வெளிச் சாப்பாடா என்று கேட்டுவிட்டு, கடைசியில் "தினமும் லெமன் சாதம், தயிர் சாதம் என்று கட்டிக்கொண்டு போவது சோம்பேறித்தனம் என்கிறார்கள், உண்மையா?" என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சோம்பேறித்தனம் இல்லவே இல்லை. இப்படி உங்களிடம் சொன்னது யாராக இருந்தாலும், மாமியாரோ கூட வேலை பார்ப்பவரோ, அவர் மதியம் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்தவராகத்தான் இருப்பார். நீங்கள் வேலைக்குப் புதிது, காலையில் ஏழரை மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். மதியம் என்ன சாப்பிடுவது என்பதை நாக்கு முடிவு செய்வதில்லை. எத்தனை நிமிடம் கிடைக்கிறது, எங்கே உட்காரக் கிடைக்கிறது, இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. எனக்கு இது நன்றாகத் தெரியும்.

பிளஸ் டூ முடித்த கையோடு சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு சேல்ஸ் வேலைக்குப் போனவள் நான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருந்து வந்த பிள்ளைகள் அங்கே நிறைய. தங்க இடமும் சாப்பாடும் கடையே கொடுத்தது. சாப்பாட்டுக்கூடம் மேல்மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்பதால் நாங்கள் படியேறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தளத்தில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பேராக டோக்கன் கொடுத்து அனுப்புவார்கள். முதல் பந்தி பதினொன்றரைக்கே ஆரம்பித்துவிடும், கடைசிப் பந்தி மூன்றரையைத் தாண்டும். யாருக்கு எந்தப் பந்தி என்பது சூப்பர்வைசர் கையில். ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்து, முன்னால் இருபது சேலை விரித்துக் கிடக்கும்போது டோக்கன் வந்தால், அதை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டியதுதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். பொரியல் பெரும்பாலும் முட்டைக்கோஸ். சமைத்த அண்ணன்மார் கைப்பக்குவம் உள்ளவர்கள், கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். ஆனால் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட நேரம் வேண்டாமா? படியேற, கை கழுவ, வரிசையில் நிற்க என்று போனது போக, தட்டுக்கு முன்னால் உட்காரப் பத்து நிமிடம் மிஞ்சினால் பெரிது. அதனால் என்ன நடக்கும் தெரியுமா? சாம்பாரை ஊற்றி, அதன் மேலேயே ரசத்தையும் ஊற்றி, பொரியலையும் தள்ளி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவோம். அந்த முழுச் சாப்பாடே கலந்த சாதமாகத்தான் வயிற்றுக்குள் போனது. அதுவும் ருசியில்லாத கலந்த சாதமாக.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். காலை ஒன்பதரையில் இருந்து இரவு கடை அடைக்கும் வரை எங்களுக்கு உட்காரக் கிடைத்தது அந்தப் பந்தியில் மட்டும்தான். ஆள் இல்லாத நேரத்திலும் தளத்தில் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. சங்கரன்கோவில் பக்கத்து அக்கா ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். நாலே நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்கத் தரையில் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வார். கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். சாப்பாட்டையும் ஓய்வையும் ஒரே பத்து நிமிடத்துக்குள் பங்கு போட வேண்டிய நிலைமை. கடைகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1947-ஆம் ஆண்டுச் சட்டம். நாலு மணி நேர வேலைக்கு மேல் போவதற்குள் ஒரு மணி நேரம் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம்! எங்களில் ஒருவருக்கும் அப்போது அது தெரியாது, சொல்லவும் யாரும் இல்லை. உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021-ல்தான் வந்தது. கேரளாவில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது ஜவுளிக்கடைக்குப் போனால் சேலையைப் பார்ப்பதற்கு முன்னால் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். சில கடைகளில் இருக்கிறது. ஸ்டூல் இருந்தும் பிள்ளைகள் நின்றுகொண்டே இருக்கிற கடைகளும் உண்டு. நீங்களும் பாருங்கள், முடிந்தால் "உட்காரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் பில் போடும் வேலை. அரை மணி நேரம் கிடைக்கிறது, மேசை நாற்காலி இருக்கிறது. வாரத்தில் நாலு நாளாவது கலந்த சாதம்தான் கொண்டுபோகிறேன். அதை ஒழுங்காகச் செய்வதற்கு என்ன வேலை என்று "சோம்பேறித்தனம்" என்பவர்களுக்குத் தெரியட்டும்.

லெமன் சாதத்துக்குச் சோறு உதிரியாக வடித்திருக்க வேண்டும். அகலமான தட்டில் கொட்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்கு அடியில் ஆறவைக்க வேண்டும். கடலைப்பருப்பு, நிலக்கடலை எல்லாம் சிவந்து மஞ்சள்தூளும் போட்ட பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் பிழிந்தால் கசக்கும். தயிர் சாதத்துக்குத் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்ட வேண்டும். சூடான சோற்றை நன்றாக மசித்துப் பால் ஊற்றி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்தால், ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது புளிக்காமல் அப்போதுதான் உறைந்த மாதிரி இருக்கும். மோர் மிளகாயைக் காகிதத்தில் தனியாக மடித்துக் கொண்டுபோக வேண்டும், சோற்றின் மேல் வைத்தால் நமத்துவிடும். புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிப் பாட்டிலில் போட்டுவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கவலை இல்லை. தேங்காய் சாதத்தைச் சித்திரை, வைகாசியில் தொடவே தொடாதீர்கள், மதியத்துக்குள் ஊசிப்போகும்.

இன்னொன்று முக்கியம். சூட்டோடு சோற்றை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மூடாதீர்கள். மூடியில் ஆவி கோத்துத் தண்ணீர் சொட்டி, பன்னிரண்டு மணிக்கே ஒரு வாடை வந்துவிடும். அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கட்டுவது வேண்டாம். "பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நம் தாத்தா பாட்டி" என்று இதற்கும் சிலர் சண்டைக்கு வருவார்கள். நானும் சாப்பிடுகிறவள்தான். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த சோறு. புளிப்பு ஏறிய தண்ணீருக்குள் இருப்பதும் வெறும் பாத்திரத்தில் மூடிக் கிடப்பதும் ஒன்றாகாது.

காய் எங்கே, புரதம் எங்கே என்று கேட்பவர்களும் வருவார்கள். நான் டாக்டர் இல்லை. என் டப்பாவில் சோறு பாதி, மீதிப் பாதியில் சுண்டலோ அவித்த முட்டையோ கத்தரிக்காய், வாழைக்காய் வதக்கலோ இருக்கும். பொட்டுக்கடலைத் துவையல் வைத்தால் வெறும் சோறே இறங்கும். எங்கள் ஊரில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்வார்கள். கருப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த்துருவலோடு சேர்த்துப் பொங்கும் சோறு. ஒரே பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வெந்துவிடுகிறது. இதைவிட என்ன சத்து வேண்டும்? பள்ளிக்கூடச் சத்துணவிலேயே பத்து வருடத்துக்கு மேலாகக் கலவை சாதமும் முட்டை மசாலாவும்தான் போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆகும் என்று அரசாங்கமே கொடுப்பது நமக்கு ஆகாமல் போய்விடுமா?

வீட்டுச் சாப்பாடு என்றதும் எல்லாருக்கும் இலை நிறைய நினைப்பு வருகிறது. மதியம் வீட்டில் இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். என் அம்மா எங்களுக்கெல்லாம் காலையில் கட்டிக் கொடுத்துவிட்டு, துணி துவைத்து, ரேஷனுக்குப் போய் வந்து, மூன்று மணிக்குச் சட்டியில் ஒட்டியிருக்கும் நேற்றைய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவாள். சுண்டிய மீன்குழம்பு என்றால் அவளுக்கு அன்றைக்கு விருந்து. அதுவும் கலந்த சாதம்தான், பெயர் வைக்கவில்லை அவ்வளவுதான். சோறு, குழம்பு, கூட்டு, ரசம், அப்பளம் எல்லாம் சுடச்சுட வேண்டும் என்று சொல்கிறவர் வீட்டில் அதைச் செய்துமுடித்துவிட்டுக் கடைசியில் சாப்பிடும் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுச் சமையல், எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம், அம்மாவும்தான்.

வெளியில் சாப்பிடுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. சென்னையில் வார விடுமுறையில் கையில் காசு குறைவாக இருக்கும்போது அம்மா உணவகத்தில் சாப்பிட்டிருக்கிறேன். 2013-ல் ஆரம்பித்தபோது சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். எட்டு ரூபாயில் வயிறு நிறைந்தது. அந்த இரண்டும் கலந்த சாதம்தான். மூட்டை தூக்குகிற அண்ணன், செக்யூரிட்டி தாத்தா, கோச்சிங் படிக்க வந்த பையன் எல்லாரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

மெஸ்ஸில் சாப்பிடுவதாக இருந்தால் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் ரசத்தில் தண்ணீர்தான் கூடியிருக்கும், கூட்டு தீர்ந்து ஊறுகாய்தான் கிடைக்கும். உங்களுக்கு முழுச் சாப்பாடு தேவையில்லை, அளவுச் சாப்பாடே போதும். முழுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கணினி முன்னால் கண்ணைத் திறக்க முடியாது. தெற்கே மதியமே பரோட்டா, சால்னா என்று இறங்குகிறவர்கள் உண்டு. வாரம் ஒரு நாள் என்றால் சரி, தினமும் வேண்டாம். பார்சல் வாங்கினால் டப்பா கொண்டுபோய் வாங்குங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லேயே தமிழ்நாட்டில் தடை வந்தாயிற்று. ஆனால் கொதிக்கிற சாம்பாரை இன்றைக்கும் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித்தான் கொடுக்கிறார்கள். நான் சின்னத் தூக்குவாளி ஒன்றைக் கொண்டுபோகிறேன். வாளியை நீட்டினால் கவரை விட ஒரு கரண்டி கூடவே விழுகிறது.

பின்னூட்டத்தில் "இதெல்லாம் ஏழைகள் கதை" என்று எழுத நினைப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், பதில் சொல்ல மாட்டேன். புளிக்காய்ச்சல் அளவு வேண்டுமென்றால் மட்டும் கேளுங்கள், எழுதுகிறேன்.