மூளைக்கு 'ஸ்டோரேஜ் ஃபுல்' உண்டா?

கேள்வி: போன் மாதிரி மூளையும் ஒருநாள் நிரம்பிவிடுமா சார்? (பெரம்பூர் வாசகி)

பதில்: கவலை வேண்டாம்மா. மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன. அவற்றின் இணைப்புகள் வலுப்பெறுவதுதான் நினைவு. ஒரே இணைப்பு பல நினைவுகளில் பங்கெடுக்கும். தனித்தனி அலமாரி கிடையாது. ஆயுள் முழுக்கப் படித்தாலும் நிரம்பி யாரும் தவித்ததில்லை.

நெருக்கடி வாசலில்தான். ஒரு சமயத்தில் மனதில் நிற்பது சுமார் ஏழு விஷயம் என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956-இல். பின்னால் வந்தவர்கள் அதை நான்காகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு நான்கே அதிகம்! நேற்று மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் ஐந்து சாமானில் கறிவேப்பிலையை விட்டுவிட்டேன். ஆனால், கல்லூரிக்குப் போன 29சி பஸ்ஸின் நிறுத்தங்களைப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். தினமும் போய்வந்த வழி. மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அதை மெல்லப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், பதியவைத்துவிட்டது. இப்படிப் பதியவைக்கும் வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில் நடக்கும். பரீட்சைக்கு முதல்நாள் கண்விழிக்கும் உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.