பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகிவிடுமா? குடும்ப நல வழக்கறிஞர் பதில்கள்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்கு நடத்தி வருபவள் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்கள் அனைவரும் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வருபவர்கள் என்பதால் பதில்களும் அந்தச் சட்டத்தை ஒட்டியவையே.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 20 ரூபாய் பத்திரத்தில் ‘இனி எங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுப் பிரிந்தோம். இப்போது எனக்கு வேறு இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பத்திரம் போதுமா? (பெரம்பூர் வாசகர்)

போதாது. நோட்டரி முத்திரை இருந்தாலும், பஞ்சாயத்தார் பத்துப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். சாதி வழக்கப்படி ‘அறுத்துவிடும்’ மரபை 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வழக்கம் உங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்து வருகிறது என்று சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும்; ‘எங்கள் பக்கம் இப்படித்தான்’ என்று சொல்லி அதைத் தாண்டிவிட முடியாது. தீர்ப்பில்லாமல் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது என்பதோடு, பாரதிய நியாய சன்ஹிதா எனும் புதிய குற்றவியல் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எத்தனை காலமாகப் பிரிந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்ட அது உதவும். உங்கள் மனைவியும் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து 13பி பிரிவில், அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, மனுப் போடுங்கள். பெண் வீட்டாரிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடுவதும் நல்லது.

பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வாடகை கட்டுப்படியாகாததால் நாங்கள் இருவரும் ஒரே ஃபிளாட்டில் தனித்தனி அறைகளில் இருக்கிறோம். அதற்குப் பிறகும் 6 மாதம் காத்திருக்க வேண்டுமா? (வேளச்சேரி வாசகி)

பிரிந்து வாழ்தல் என்பது முகவரியைப் பொறுத்ததன்று. கணவன் மனைவியாக வாழவில்லை என்பதே பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டது. ஆகவே ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும் தடையாகாது. அந்த 6 மாதமும் எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பானது. பிரிவுக் காலமும் காத்திருப்புக் காலமும் சேர்ந்த 18 மாதங்கள் மனுவுக்கு முன்பே கழிந்திருந்து, சமரச முயற்சி பலிக்காமல், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிக்கப்பட்டிருந்தால், முதல் மனு போட்ட ஒரு வாரத்துக்குப் பின் அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். தருவதும் தராததும் நீதிபதியின் முடிவு. ஒன்றைக் கவனமாக மனதில் வையுங்கள்: தீர்ப்பு வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால்தான் என் கட்சிக்காரர்களிடம், ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மிச்சத்தைத் தீர்ப்புக்கு முன் சம்மதத்தை உறுதிசெய்யும் இரண்டாவது வாக்குமூலத்தன்று டிடியாகவும் நீதிமன்றத்திலேயே கைமாற்றச் சொல்வேன்.

திருமணத்தில் எனக்குப் போட்ட 40 சவரன் மாமியார் பீரோவில் இருக்கிறது. பில் எல்லாம் இல்லை. திரும்பக் கிடைக்குமா? (குரோம்பேட்டை வாசகி)

அது சீதனம், முழு உரிமையும் உங்களுக்கே. புகுந்த வீட்டார் அதை உங்கள் சார்பில் வைத்திருப்பவர்கள் மட்டுமே. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன்கீழ் மனுச் செய்தால், திருப்பித் தருமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். பில் இல்லாததால் வழக்கே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு வழக்கில் பெண்ணின் தகப்பனார் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ‘ரெட்டை வடம் 3 சவரன், ஒட்டியாணம் 8 சவரன், பித்தளைக் குத்துவிளக்கு 2’ என்று மனைவி சொல்லச் சொல்ல அவர் எழுதிய சீர் வரிசைப் பட்டியல் அது. கல்யாண ஆல்பத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு நகையாக ஒப்பிட்டோம். எதிர்த்தரப்பு ‘எதுவும் போடவில்லை’ என்று தாக்கல் செய்திருந்த பதிலுரை அதற்குப் பின் நிற்கவில்லை. ஆல்பம், வீடியோ, அடகுச் சீட்டு, நகையைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேசியது என எல்லாவற்றையும் இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கணவர் சொந்தமாகக் கடை நடத்துகிறார். வருமானமே இல்லை என்கிறார். நான் சிறிய வேலையில் இருக்கிறேன். ஜீவனாம்சம் கேட்க முடியுமா? (வியாசர்பாடி வாசகி)

முடியும். மனைவி சம்பாதிக்கிறாள் என்பது மட்டுமே காரணமாக ஜீவனாம்சம் மறுக்கப்படுவதில்லை. அந்தச் சம்பளம் போதுமா என்பதே கேள்வி. 2020இல் உச்ச நீதிமன்றம் தந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, இருவருமே சொத்து, கடன், வருமானம் பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். தொகையும் மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அவருக்கு வருமானம் இருப்பதைக் காட்ட, கடையின் ஜிஎஸ்டி எண், வாகனத் தவணை, பள்ளிக் கட்டணம் கட்டிய ரசீது ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம் கட்ட எனக்கு வசதியில்லை. (ராயபுரம் வாசகி)

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். போகும்போது ஆதார், திருமணப் புகைப்படம், திருமணப் பதிவுச் சான்று இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.