வாசகர் கேள்வி பதில்: திருவருகைக் காலத்துக்கு முன்பாக

எங்கள் வீடு கத்தோலிக்கரில் லத்தீன் பங்கு. மருமகள் சங்கனாசேரிக்காரி, கேரளத்தின் சீரோ மலபார் கத்தோலிக்க சபை. அவள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நாள் நோன்பு என்கிறாள். எங்கள் பங்கில் கிறிஸ்துமசுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தை நவம்பரிலேயே தொடங்குகிறார்கள். எந்தக் கணக்கு சரி?
– வாசகி, களியக்காவிளை

இரண்டும் சரி. நீங்கள் எண்ணுவது ஞாயிறுகளை, அவர் எண்ணுவது நோன்பு நாட்களை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்பது, நவம்பர் 30ஆம் தேதியான இயேசுவின் சீடர் அந்திரேயாவின் திருநாளுக்கு மிக அருகே வரும் ஞாயிறு. அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் விழும். 2026இல் நவம்பர் 29. சீரோ மலபார் சபையின் மங்களவார்த்தைக் காலமும் கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான். இருபத்தைந்து நோன்பு அதனோடு கூடவே வரும் விரதம்; மீனும் இறைச்சியும் விலக்குவார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு வேண்டாம். புதனும் வெள்ளியும் வீடு முழுக்க மீனில்லாமல் சாப்பிடுங்கள். அன்றன்று மிச்சமாகும் மீன் காசை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் வாரமே முடிவு செய்துவிட்டால் நோன்புக்கு ஒரு முகம் கிடைக்கும்.

மெழுகுதிரி வளையம் வீட்டிலேயே செய்யப் பார்க்கிறோம். போன வருடம் வாழைத்தண்டில் திரியைக் குத்தினோம். இரண்டாம் வாரமே அழுகிச் சாய்ந்துவிட்டது.
– வாசகர், குழித்துறை

வாழைத்தண்டு ஒருநாள் விழாவுக்குச் சரி, நான்கு வாரம் தாங்காது. அகலமான ஸ்டீல் தாம்பாளத்தில் மூன்று விரல் உயரத்துக்கு ஈர மணல் நிரப்புங்கள். எம்-சாண்டும் போதும். திரியின் அடி மணலில் இரண்டு விரல் புதைய வேண்டும். திரிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் ஒன்றின் சூட்டில் மற்றொன்று இளகி வளையும். சுற்றிலும் குரோட்டன், மா இலைகளை மணலில் செருகி, சனிக்கிழமைதோறும் மாற்றுங்கள். சவுக்குக் கிளை பார்க்க அழகு. ஆனால் காய்ந்துவிட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். பஞ்சுப் பனியும் பிளாஸ்டிக் மாலையும் தீயின் பக்கமே வரக் கூடாது.

திரி வாங்குமுன் கணக்குப் போடுங்கள். வளையத்தில் நான்கு திரி; ஞாயிறுதோறும் ஒன்றைக் கூடுதலாக ஏற்றி, டிசம்பர் 24 வரை தினமும் எரிப்போம். 2026இல் முதல் திரி 26 நாள் எரியும், இரண்டாவது 19, மூன்றாவது 12, நான்காவது 5. தினமும் கால் மணி நேர ஜெபம் என்றால் முதல் திரிக்கு மட்டும் ஆறரை மணி நேரம் வேண்டும். ஒரு திரியை அரை மணி நேரம் எரித்து எவ்வளவு குறைகிறது என்று அளந்தால், எந்த நீளம் வாங்குவது என்று தெரிந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், காற்றில்தான் மெழுகு ஒரு பக்கமாக வழிகிறது. கரி படிந்தால் திரிநூலை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள்.

மூன்று ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் திரி மூன்றாம் ஞாயிறுக்கு, அது மகிழ்ச்சியின் ஞாயிறு. ஊதா கிடைக்காவிட்டால் வெள்ளை போதும். 1839இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்ரிச் விஹர்ன் என்ற லுத்தரன் போதகர், தம் விடுதியின் ஏழைப் பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கென்று நிறுத்திய 4 பெரிய திரிகளும் வெள்ளைதான்.

ஸ்டார் எப்போது கட்டலாம்?
– வாசகர், கொல்லங்கோடு

சட்டம் இல்லை. முதல் திரி ஏற்றும் மாலையில் கட்டினால் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து மனதில் நிற்கும். மழை நாள், வெளியே போகும் வயரில் ஒட்டுப்போட்ட இடம் இருக்கக் கூடாது.

கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் சேர்ந்து ஒரு கைப்பிரதி அச்சிடுகிறோம். தலைப்பில் ஆங்கிலத்தின் ‘ஹோப்’ என்பதற்கு ‘நம்பிக்கை’ என்று போடுவதா, ‘எதிர்நோக்கு’ என்று போடுவதா? வாக்குவாதமே வந்துவிட்டது.
– வாசகர், மார்த்தாண்டம்

வாக்குவாதம் வரத்தான் செய்யும். 1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டு வேதாகமத்திலும் எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.ஐ. சபையார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒருவருக்கு மூன்றில் இரண்டாவதாக இருக்கும் சொல் மற்றவருக்கு முதலாவது. மலையாளக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘பிரத்யாச’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். சபைக்கு வெளியே இருப்பவருக்கோ ‘நம்பிக்கை’ என்றால் தன்னம்பிக்கை, ‘எதிர்நோக்கு’ என்றால் ஒன்றுமே இல்லை.

அதனால் சொல்லை விட்டுவிட்டுச் செயலைக் காட்டுங்கள். எரேமியா 32ஆம் அதிகாரம் இதற்கென்றே இருக்கிறது. எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்து நிற்கிறது, இறைவாக்கினர் எரேமியாவோ காவலில். அந்த நேரத்தில் 17 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து, தம் சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்குகிறார். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, பத்திரம் நெடுநாள் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் இனியும் வீடும் வயலும் வாங்கப்படும் என்ற கடவுளின் வாக்கே அவருக்கு ஆதாரம். பத்திரத்தின் மதிப்புத் தெரிந்த நம் ஊரில் இதை எந்த மதத்தவருக்கும் விளக்கவே வேண்டாம். நிலைமை தேறும் அறிகுறி எதுவும் இல்லாதபோதும் வாக்களித்தவரை நம்பி அடுத்த அடி வைப்பதுதான் நீங்கள் தலைப்பில் தேடும், கிறிஸ்தவர் சொல்லும் அந்தச் சொல்.

கைப்பிரதி அறுபது எழுபது சொல் தாண்ட வேண்டாம். ஒரு வசனம், ஆராதனை நேரம், கூப்பிட்டால் நிஜமாகவே வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவரின் எண் போதும். ‘வாருங்கள், நோய் தீரும்’ என்று போடாதீர்கள். தீராதவர் அடுத்த வருடம் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுவார். அரிசிப் பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். வாங்கியவருக்கு அது கடனாகத் தோன்றும். கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. முதலில் கேட்கவிட வேண்டும்.

இந்த வருடம் சாவு விழுந்த வீட்டுக்குக் கேரல் பாட்டுப் பாடப் போகலாமா? பையன்கள் தயங்குகிறார்கள்.
– வாசகி, பனச்சமூடு

தயங்கித் தாண்டிப் போவதுதான் அந்த வீட்டை அதிகம் நோகடிக்கும். ஸ்டார் கட்டாத அந்த வாசலுக்குத்தான் இந்தக் காலத்தின் செய்தி முதலில் போக வேண்டும். முதல் வாரத்திலேயே பெரியவர்கள் இரண்டு பேர் போய், “நாங்கள் வந்தால் உங்களுக்குச் சங்கடமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பாட்டில்லாமல் ஒரு ஜெபம் செய்துவிட்டு வரலாமா என்று கேளுங்கள். சரி என்றால், டிரம்மையும் சாண்டா வேஷக்காரரையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஆறேழு பேர் போங்கள். மெல்லிய பாட்டு ஒன்று, இறந்தவரின் பெயர் சொல்லி ஒரு ஜெபம். காணிக்கை உண்டியலை நீட்ட வேண்டாம். சாயா போட்டுத் தந்தால் உட்கார்ந்து குடியுங்கள். அடுத்த வீட்டுக்காரர் பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.