ஓலைப் பெட்டியும் வலம்புரிச் சங்கும்: வாசகர் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்து ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் எதைக் கொண்டுபோகலாம், கொண்டுபோனது எப்படிக் கெடாமல் இருக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகளுக்குப் போன வருடம் நிறம் போட்ட ஓலைப் பெட்டிகள் மூன்றும் சின்னக் கடகம் (பனையோலைக் கூடை) ஒன்றும் கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்துக்குள் கறுப்புப் புள்ளி விழுந்து மணக்கத் தொடங்கிவிட்டதாம். ஒரு பெட்டியின் நிறம் வெள்ளைத் துணியில் ஊறிவிட்டது. இந்த முறையும் வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகி, கொக்குவில்

பதில்: அந்தக் கறுப்புப் புள்ளி பூஞ்சணம். அதற்கான ஈரம் பெரும்பாலும் இங்கிருந்தே பெட்டியோடு போயிருக்கும். நிறம் போடும் ஓலையைச் சாயத் தண்ணீரில் அவித்து எடுக்கிறார்கள். இழைக்கும்போதும் ஓலை முறியாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். இழைத்து முடிந்தபின் வெளிப்பக்கம் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஓலை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்புக்குள்ளும், அடி மூலைகளிலும் ஈரம் நிற்கும். அவசரமாக முடித்துக் கொடுத்த பெட்டியை அப்படியே பொலித்தீனில் சுற்றி சூட்கேசுக்குள் வைத்தால், அந்த ஈரம் வெளியேற வழியில்லை.

வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். காய்ந்த ஓலைக்கு வைக்கோல் போன்ற மணம்தான் இருக்கும். புளித்த வாடை வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். அடி மூலையைப் பெருவிரலால் மெதுவாக அமத்துங்கள். காய்ந்தது சரசரக்கும், ஈரமானது சத்தமில்லாமல் வளையும். பிறகு ஒரு துண்டு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, நிறமான இடத்தில், வெளியே தெரியாத அடிப்பக்கமாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால், அந்தப் பெட்டிக்குள் துணிமணி வைக்கக்கூடாது. அலங்காரத்துக்கு மட்டும் வைக்கலாம் என்றால் வாங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூடியைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் மூன்று நாள் விடுங்கள். மாரி காலம் என்றால் ஒரு கிழமை வேண்டும். வெயிலில் போடாதீர்கள். ஓலை மொறுமொறுத்து வெடிக்கும், நிறமும் வெளிறும். பயணத்துக்கு முதல் உள்ளே கசக்கிய செய்தித்தாளை நிறைத்து, வெளியே பருத்தித் துணி சுற்றுங்கள். செய்தித்தாள் பெட்டி நசியாமல் தாங்கும், மிச்ச ஈரத்தையும் இழுக்கும். போய்ச் சேர்ந்த அன்றே அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வழியில் நசிந்துபோனால் கையால் நிமிர்த்தக்கூடாது, ஓலை முறிந்துவிடும். ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து பெட்டிக்குள் வைத்து ஒரு மணித்தியாலம் மூடிவிட்டால் ஓலை இளகும். அப்போது உருவம் திருத்தி, புதுக் கடதாசி நிறைத்து, இரண்டு நாள் காய விடலாம். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி காற்றை மிகவும் உலர்த்திவிடும். ஆகவே பெட்டியை அதன் பக்கத்தில் வைக்கக்கூடாது. யன்னல் வெயிலும் ஆகாது.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த பெட்டிகளை எறிய வேண்டியதில்லை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியே வைத்து, காய்ந்த தூரிகையால் முதலில் தட்டித் துடைக்க வேண்டும். அதன்பின் வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காய விடலாம். நிறம் கசிகிற பெட்டி என்றால் தூரிகையோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். மணம் போய்விடும். ஓலைக்குள் இறங்கிய கறை போகாது. சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைப்பது எல்லாவற்றையும் விடக் கேடு. மினுக்கத்துக்கு வார்னிஷ் பூசுவதும் வேண்டாம். ஈரம் உள்ளே அடைபட்டு, ஒரு வருடத்தில் பூச்சு செதிள் செதிளாகக் கழரும்.

பெட்டியைச் சுற்றி மாவு போல ஏதாவது கொட்டிக் கிடந்தால் அது உளு, ஓலையை அரிக்கும் பூச்சி. பெட்டியைப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, இறுகக் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் மறை 18 பாகை செல்சியசில் (-18°C) இரண்டு கிழமை வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறக்காமல் விட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த ஓலையில் தண்ணீர் வியர்த்து, மறுபடியும் பூஞ்சணத்தில் கொண்டுபோய் விடும். இந்த ஒரு நாளைப் பொறுக்காமல்தான் பலர் நல்ல பெட்டியைக் கெடுக்கிறார்கள்.

கடகத்தைப் பற்றி ஒன்று. அதன் பலம் விளிம்பைச் சுற்றிப் பனைநாரால் பொத்தியிருக்கும் கட்டில் இருக்கிறது. பாரம் வைத்து விளிம்பில் பிடித்துத் தூக்கினால் முதலில் நார் அறும், பிறகுதான் ஓலை. அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

கேள்வி: லண்டனுக்குக் கொண்டுபோகும் பனங்கட்டி ஒவ்வொரு முறையும் கசிந்து, சூட்கேஸ் முழுக்கப் பிசுக்காகிறது. அதை வார்த்திருக்கும் சின்ன ஓலைக்கூடான குட்டானோடுதான் கொண்டுபோக ஆசை. வழி உண்டா?
வாசகர், உரும்பிராய்

பதில்: உண்டு. பனங்கட்டி காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக இழுக்கும். அது வெயிலில் உருகுவதை விட ஈரத்தில் கசிவதுதான் அதிகம். நன்றாக இறுகக் காய்ச்சாத பாணியை வார்த்திருந்தால் இன்னும் விரைவில் கசியும். வாங்கும்போது குட்டானின் அடியைத் தொட்டுப் பாருங்கள். விரல் ஒட்டினால் அது ஏற்கெனவே கசியத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு குட்டானையும் எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றி, மூடி இறுகும் ரின் பேணியில் நெருக்கமாக அடுக்குங்கள். இடைவெளி இருந்தால் அங்கே காற்றும், காற்றோடு ஈரமும் இருக்கும். வெறும் இடத்தைக் கடதாசியால் நிரப்புங்கள். பேணியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினால், கசிந்தாலும் துணிமணி தப்பும். லண்டனில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் வியர்த்து நனையும். அலுமாரியில் பேணியோடு இருப்பதே நல்லது. தூர தேசத்துக்கும் நீண்ட நாளுக்கும் என்றால் பனங்கற்கண்டு பத்திரமானது.

பனங்கட்டி தின்று முடிந்தபின் குட்டானை எறிந்துவிடாதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன ஓலைக்கூடே நல்ல ஞாபகப் பொருள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலம்பி இனிப்பைப் போக்கி, நிழலில் காய வையுங்கள். இனிப்பு மிச்சம் இருந்தால் எறும்பு வரும்.

கைப்பையில் கொண்டுபோவதானால் கட்டியான பனங்கட்டி திரவமல்ல. பனம்பாணி, ஊறுகாய், நல்லெண்ணெய் எல்லாம் திரவக் கணக்கில் வரும். அநேக விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் விடமாட்டார்கள். அவற்றைப் பாரப்பெட்டியில் போடுங்கள்.

கேள்வி: பாரிசில் இருக்கும் அண்ணாவுக்குக் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் கருவாடும், மெல்பேர்ணில் இருக்கும் தங்கச்சிக்கு ஒடியலும் (காயவைத்த பனங்கிழங்கு) கொண்டுபோகலாமா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: பாரிசுக்கு மாம்பழம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணி கொண்டுபோகும் பழத்துக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. கருவாடு சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை போகலாம். குடல் எடுத்து நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். இறைச்சி, பால், நெய் எதுவும் போகாது. ஊரில் உருக்கிய நெய் என்று சொல்லிப் பயனில்லை.

அவுஸ்திரேலியாவில் ஒரே விதிதான் முக்கியம்: உணவு, ஓலை, மரம், விதை எதுவானாலும் பயணி அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பொருளைப் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்து வைத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் தண்டப்பணம். ஒடியல் நன்றாகக் காய்ந்து, உளு இல்லாமல், பொதியில் பெயர் எழுதி இருக்கட்டும். முளைக்கக்கூடிய பனங்கொட்டை கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வி: வலம்புரிச் சங்கு என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். உண்மையா என்று எப்படி அறிவது?
வாசகர், வேலணை

பதில்: சங்கின் சுருள் முனையை மேலே பிடித்து, வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது சாதாரண இடம்புரி. இடக்கைப் பக்கம் இருந்தால் வலம்புரி. பூசையில் முனையைக் கீழே வைத்துப் பிடிப்பதால் வாய் வலப்பக்கம் தெரிகிறது. பெயர் குழப்புவதும் அங்கேதான்.

ஆனால் வாய் இடப்பக்கம் இருப்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் கிடைக்கும் ஒரு சங்கினம் இயல்பாகவே அப்படித்தான் சுருளும். அங்கே அது சாதாரண சங்கு. அதை வெள்ளையாகத் தீட்டி வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் வெளிச்சம் அடித்து, நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடலின் சங்கில் அந்தத் தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்பு வரிகள் மேடாக ஓடும். விரல் விட்டால் தடவிப் பார்க்கலாம். அமெரிக்கச் சங்கில் அந்த வரிகள் இல்லை. காதில் வைத்தால் ஓம் என்று ஒலிக்கும் என்பது சோதனையல்ல. எந்தச் சங்கும் சுற்றியிருக்கும் சத்தத்தை உள்வாங்கி இரையும்.

அவர் உள்ளே பார்க்க விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கசூரினாக் கடற்கரையில் சிப்பி பொறுக்கினார்கள், நெடுந்தீவில் ஒரு பவளக் கல்லும் எடுத்தார்கள். மணக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?
வாசகி, மானிப்பாய்

பதில்: பவளக் கல்லை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பவளம் இலங்கையில் சட்டத்தால் காக்கப்பட்டது. கல்பவளம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிலும் இருப்பதால் அனுமதியில்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டாது. நெடுந்தீவு வேலிகளிலும் பழைய கோட்டையிலும் இருக்கும் கல் அந்த ஊரின் சொத்து. அடுத்த முறை போகும்போது எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

சிப்பியில் முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஓடு என்று நினைத்ததில் முனிவன் நண்டு குடியிருக்கும். வெறுமையானவற்றை நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, பழைய பல்தூரிகையால் தேயுங்கள். மணம் மிஞ்சினால் ஒரு பங்கு வெளுக்கும் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர், அரை மணித்தியாலம் போதும். மினுக்கமான சோகிகளை (சோழிகளை) அதில் போடாதீர்கள், மினுக்கம் மங்கும். வினாகிரியில் போட்டால் ஓடே கரையும், அது சுண்ணாம்பு. காய்ந்தபின் குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய் ஒரு துளி தடவினால் நிறம் மீளும்.

மர இழுப்பறையில் அடைத்து வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி நாளடைவில் ஓட்டின் மேல் வெள்ளை மாவாகப் படியும். கண்ணாடிப் போத்தல் நல்லது.

கேள்வி: குறிகட்டுவான் படகு, யாழ்தேவி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பஸ் என்று எல்லா ரிக்கற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றில் எழுத்து அழிந்துவிட்டது. லமினேற் செய்தால் நிற்குமா?
வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: உடனே நிறுத்துங்கள். இயந்திரத்திலிருந்து சுருளாக வரும் பஸ் ரிக்கற்றில் மை இல்லை. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத்தான் எழுத்தாகிறது. லமினேற் இயந்திரத்தின் சூட்டில் முழு ரிக்கற்றும் கறுத்துவிடும். நகத்தால் ஓரத்தில் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்த வகை. வெயில், எண்ணெய்க் கை, மெல்லிய பிளாஸ்ரிக் உறை, ஒட்டும் நாடா எல்லாம் அதை அழிக்கும். இன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்துவிட்டு, மூலத்தைக் கடதாசி உறையில், இருட்டில் வையுங்கள்.

மை கொண்டு அச்சிட்ட படகு ரிக்கற்றும், பழைய புகையிரத அட்டை ரிக்கற்றும் பல காலம் நிற்கும். அல்பத்தில் ஒட்ட வேண்டாம். நான்கு மூலையும் செருகும் கடதாசி முக்கோணம் போதும். திகதியையும் எங்கே போனதென்பதையும் ரிக்கற்றின் மேல் பேனையால் எழுதாதீர்கள், அருகில் அல்பத் தாளில் பென்சிலால் எழுதுங்கள்.